புளிமூட்டைக்குப் போட்ட சீட் பெல்ட்

எங்கள் வண்டியில் முறையாக சீட் பெல்ட் போட்டுக்கொண்ட முதல் ஆசாமி ஒரு புளிமூட்டை. போட்டுவிட்டவர் என் வீட்டுக்காரர். மூட்டை மேல் அவருக்கு அவ்வளவு பாசமா என்றால், பாசமெல்லாம் இல்லை, காதுக் குடைச்சல்தான். முன்சீட்டில் கொஞ்சம் எடை ஏறினாலே போதும், ஏறியது ஆளா மூட்டையா என்று பார்க்காமல் அந்த வண்டி பீப் பீப்பென்று கத்த ஆரம்பித்துவிடும். வெள்ளிமலையிலிருந்து முதல் நடை புளி ஏற்றிக்கொண்டு வந்தபோது பாதி மலை இறங்குவதற்குள் அவருக்குப் பொறுக்கவில்லை. ஓரங்கட்டி நிறுத்தி, மூட்டையைச் சுற்றி பெல்ட்டை இழுத்து மாட்டினார். சத்தம் நின்றுவிட்டது. கள்ளக்குறிச்சிக்கு வந்து மூட்டையை மட்டும் அடியில் உருவி எடுத்தார், பெல்ட்டைக் கழற்றவில்லை. அன்றிலிருந்து அந்த பெல்ட் மாட்டியது மாட்டியபடியே கிடந்தது. அப்புறம் அந்த சீட்டில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் அதன்மேலேயே சாய்ந்து உட்கார்ந்தார்கள். நானும்தான்.

எங்களுக்குக் கடைத்தெருவில் புளி மண்டி. புளியோடு கடுக்காய், தேன் என்று கல்வராயன் மலையில் விளைவது எல்லாம் வரும். என் மாமனார் காலத்திலிருந்து நடக்கும் வியாபாரம். மலையில் ஒரு வழக்கம் உண்டு. வியாபாரி நேரில் வர வேண்டும். வந்து வாசலில் உட்கார்ந்து, அவர்கள் போடும் சாமைச்சோற்றை ஒரு வாயாவது சாப்பிட வேண்டும். அதற்கப்புறம்தான் மூட்டையை அவிழ்த்துக் காட்டுவார்கள். போனில் பேசி, லாரியை மட்டும் அனுப்பி வைக்கிற வேலையெல்லாம் அங்கே நடக்காது. அதனால் எங்கள் பிழைப்பே மலைக்கு ஏறி இறங்குகிற வண்டியை நம்பித்தான் இருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் ஒரு பழைய ஜீப் அதைச் செய்தது. அது இனிமேல் தேறாது என்று ஆனதும் ஏழு சீட் உள்ள இந்தப் பெரிய வண்டியை வாங்கினோம்.

வண்டி புதிது. ஓட்டுகிறவருக்குப் பழக்கம் மட்டும் ஜீப் காலத்தது. அதுதான் தகராறு. ஜீப்பில் கரியாலூர் தாண்டியதும் இன்ஜினை நிறுத்திவிட்டு, நியூட்ரலில் அணைக்கட்டு வரைக்கும் உருட்டிக்கொண்டே வருவாராம். டீசல் மிச்சமாம். அதை இளமைக்காலப் பராக்கிரமம் போலச் சொல்லிக்கொள்வார். புது வண்டி வந்த முதல் மாதமே அதையும் செய்து பார்த்தார். பக்கத்து சீட்டில், அந்த மாட்டிய பெல்ட்டின் மேல், நான் இருந்தேன். இறக்கத்தில் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார். இரண்டு வளைவு ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது வளைவில் பிரேக் பெடல் கல்லாகிப்போனது. ஸ்டியரிங் திரும்ப மறுத்தது. அவர் எழுந்து நின்றே மிதித்தார் என்று சொல்ல வேண்டும். வண்டி மலைப்பக்கத்து வாய்க்காலில் ஒரு சக்கரத்தை இறக்கிக்கொண்டு நின்றது. இந்தப் பக்கம் வாய்க்கால். அந்தப் பக்கம் பள்ளம், அதில் போயிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

"வண்டியே சரியில்ல. ஏமாத்திட்டான்" என்று கீழே இறங்கியதும் சொன்னார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் பயம் அதைவிட ஜாஸ்தியாக இருந்ததால் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. மறுநாள் மதியத் தொழுகை முடிந்ததும் வண்டிக்குப் போய், டேஷ்போர்டு பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்த புத்தகத்தை எடுத்து வந்தேன். செங்கல் கனம், அத்தனையும் ஆங்கிலம். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். காலேஜ் விடுதியில் இருந்த மகளுக்கு போன் போட்டு, புரியாத வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டு, ஓரத்தில் தமிழில் பென்சிலால் எழுதிக்கொண்டே படித்தேன். இன்ஜின் ஓடினால்தான் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் துணை பலம் கிடைக்கும், ஓடும்போது நிறுத்தாதே என்று கறுப்புக் கட்டம் போட்டே அதில் சொல்லியிருந்தார்கள். நாங்கள் புத்தகத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொண்டு வண்டியைத் திட்டியிருக்கிறோம்.

"வண்டி ஓட்டறதுக்கு புஸ்தகம் படிக்கற ஆளு இந்தக் கடத்தெருவுலயே நீ ஒருத்திதான்" என்று கிண்டல் செய்தார்.

"வாய்க்கால்ல வுட்ட ஆளும் நீங்க ஒருத்தருதான்" என்றேன்.

ஓட்டுநர் உரிமம் அதற்கு மூன்று வருஷம் முன்பே எடுத்திருந்தேன். டிரைவிங் ஸ்கூல் காரில் 'எல்' போர்டு மாட்டிக்கொண்டு நான் பழகியபோது கடைத்தெருவில் சிரிக்காத வாய் கம்மி. சின்னசேலம் ஸ்டேஷனுக்கு, ரிஷிவந்தியத்தில் ஒரு கல்யாணத்துக்கு என்று சமவெளியில் நானே இந்த வண்டியை ஓட்டியிருக்கிறேன். மலைக்கு மட்டும் விடமாட்டார். அதைவிட எனக்கு எரிச்சல், சாவி. வண்டிக்கு இரண்டு சாவி. ஒன்று அவர் சட்டைப்பையில், இன்னொன்று டிரைவர் வந்தபிறகு டிரைவரிடம். எனக்கு வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் அவர் சட்டைப்பையைப் பார்த்துக் கை நீட்ட வேண்டும். எனக்கென்று ஒன்று வேண்டும் என்று சண்டை போட்டேன். அவர் தன்னுடையதைக் கொடுக்க மனமில்லாமல், தெருமுனையில் பூட்டு ரிப்பேர் செய்கிறவரிடம் போய் அதே அச்சில் ஒன்று வெட்டிக்கொண்டு வந்து தந்தார். அது கதவைத் திறந்தது. உள்ளே போட்டுத் திருப்பினால் இன்ஜின் எழும்பவில்லை, சிவப்பு விளக்கு ஒன்று கண்ணைச் சிமிட்டியது. நிஜச் சாவிக்குள் சிப் இருக்கிறது, திருடன் கள்ளச்சாவி போட்டால் வண்டி கிளம்பாது என்று புத்தகத்தில் படித்தபிறகுதான் எனக்கே தெரிந்தது. பாவம் அந்தப் பூட்டுக்காரர், இவரிடம் ஏகப்பட்ட வசவு வாங்கியிருந்தார். அந்த உதவாத சாவியை அலமாரியில் போட்டுவிட்டேன்.

டிரைவர் வந்தபிறகு என்றேன். அவர் ஏன் வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். அதுதான் இந்தக் கதைக்கே முதுகெலும்பு.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை உண்டு. வண்டி வாங்கின இரண்டாவது வருஷம் வலது கண்ணில் பனி மூடினாற்போல் ஆரம்பித்து, இடது கண்ணிலும் கொஞ்சம் இறங்கியது. கண் டாக்டர், புதுச்சேரி போய்ச் சிகிச்சை எடுங்கள், அதுவரை வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். அது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். மண்டியில் கேட்டவர்களிடம், "முட்டி வலி, கிளட்ச் மிதிக்க முடில" என்று சொல்லி ஒரு டிரைவரை வைத்துக்கொண்டார். புதுச்சேரிக்குப் போகலாம் என்றால், புளி சீசன் முடியட்டும் என்பார். சீசன் முடிந்தால் நோன்பு வரட்டும் என்பார். கண்ணைத் திறந்து பார்த்தால் கண் போய்விட்டது என்று சொல்லிவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். அந்தப் பயத்தை நான் வாய்விட்டுச் சொன்னால் அன்றைக்குச் சோறு இறங்காது. அதனால் சொல்லவில்லை. ஆனால் ராத்திரியெல்லாம் எனக்கு ஒரே கவலைதான். என்றைக்காவது டிரைவர் வராத நாளில் இந்த மனுஷன் வீம்புக்கு வண்டியை எடுத்துவிடுவார் என்பதுதான் அது.

அந்த நாள் வந்தது. இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலம். வாரத்துக்கு ஒரு மறியல், மனு, ஊர்வலம். எங்கள் டிரைவர் முப்பது வயதுக்காரர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். முதல் நாள் சாயங்காலமே வந்து சொல்லிவிட்டார்.

"பாய், நாளைக்கி நான் வர்ல. எங்க ஆளுங்க எல்லாரும் மறியலுக்குப் போறாங்க. எம்புள்ளைங்களுக்காவது ஒரு வேல கெடைக்கணும் இல்லீங்களா?"

"போப்பா, போய்ட்டு வா" என்றார் இவர். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் மகள் காலேஜில் உட்கார்ந்திருக்கிற இடமே எங்களுக்கென்று ஒதுக்கின பங்கில் கிடைத்ததுதான். பங்கு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கேட்கிறவர்களைப் பார்த்து முகம் சுளிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

மறுநாள் காலையில் மலையிலிருந்து போன் வந்தது. வருஷா வருஷம் முதல் புளி தருகிற வீட்டு அம்மா.

"பாயம்மா, மேகம் இருட்டிக்கினு வருது. களத்துல இருக்கற புளி நனஞ்சா கறுத்துப் பூடும். இன்னிக்கி வந்தீங்கன்னா உங்களுக்கு. இல்லன்னா சேலத்து ஆளு நிக்கறாரு."

அந்த வீட்டுப் புளி எங்கள் கையை விட்டுப் போனால் அந்த ஊர்ப் புளி மொத்தமும் போய்விடும். மற்றவர்கள் அந்த வீட்டைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். மறியல் எல்லாம் கள்ளக்குறிச்சி பைபாஸ் பக்கம்தான், மலைப்பாதையில் ஒன்றும் இருக்காது என்று எல்லாரும் சொன்னார்கள். நான் போனை வைத்துவிட்டுத் திரும்பினால், என் வீட்டுக்காரர் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார், டிரைவர் பக்கத்துக் கதவில் கை வைத்துக்கொண்டு.

"இன்னாங்க பண்றீங்க?"

"நான் ஓட்டறேன். அந்த ரோடு எனக்குக் கண்ண மூடிக்கினு தெரியும்."

"கண்ண மூடிக்கினு ஓட்றதுக்கு இன்னொருத்தர் உசுர ஏத்திக்கினு போவாதீங்க."

சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் முகம் செத்துவிட்டது. ஆனால் விட்டுக்கொடுக்க எனக்கு நேரமில்லை. சட்டைப்பையிலிருந்து சாவியை நானே எடுத்தேன். அவர் தடுக்கவில்லை. சுற்றிக்கொண்டு போய் இடது பக்கம் ஏறி, வழக்கம்போல மாட்டியிருந்த பெல்ட்டின்மேல் சாய்ந்து உட்கார்ந்தார்.

நான் புத்தகத்தில் இருந்தபடி ஆரம்பித்தேன். சீட்டை உயர்த்தி, முன்னே இழுத்து, பெடல் முழுக்க அழுந்துகிறதா என்று பார்த்தேன். மூன்று கண்ணாடிகளையும் எனக்கு ஏற்றபடி திருப்பினேன். காலுக்குக் கீழே தடவினால் ஒரு மரக்கட்டை கிடைத்தது. ஏற்றத்தில் நின்றால் சக்கரத்துக்கு அடியில் போட ஜீப் காலத்திலிருந்து அவர் வைத்திருந்த கட்டை. டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே உருண்டுகொண்டு கிடக்கும். இறக்கத்தில் அது பிரேக் பெடலுக்கு அடியில் போய் மாட்டினால் என்ன ஆகும் என்று இத்தனை வருஷமும் யாரும் யோசிக்கவில்லை. அதைப் பின்னால் கொண்டுபோய்க் கயிற்றில் கட்டினேன். கடைசியாக, இடது பக்கம் சாய்ந்து அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த பெல்ட்டைக் கழற்றிவிட்டேன். சாவியைத் திருப்பியதும் வண்டி கத்த ஆரம்பித்தது.

"அத மாட்டு. காது போவுது."

"நீங்க போட்டுக்குங்க. நிக்கும்."

"நான் இன்னா கொழந்தயா?"

"மூட்டைக்குப் போட்டீங்க இல்ல? அது அளவுக்காவது உங்கள மதிச்சுக்குங்க. போடற வரைக்கும் வண்டி நகராது."

பீப் பீப்பென்று கத்திக்கொண்டே வண்டி வாசலில் நின்றது. எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அந்த வெட்கத்துக்காகத்தான் அவர் பெல்ட்டை இழுத்தார் என்று நினைக்கிறேன். மாட்டத் தெரியாமல் இரண்டு முறை தடுமாறினார். நான் உதவவில்லை. அல்லாவின் பேரால் என்று பிஸ்மி சொல்லி வண்டியைக் கிளப்பினேன்.

கச்சிராயபாளையம் வரை அவர் பெல்ட்டை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். கோமுகி அணையைத் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் அவருக்கு வாய் வந்துவிட்டது. "ரெண்டுல போடு. ஹாரன் அடி. அப்பிடிக்கா ஒடி." ஒரு கொண்டை ஊசி வளைவில் முன்னால் போன பஸ் ஆள் இறக்க நின்றது. நானும் நிற்க வேண்டியதாயிற்று. செங்குத்தான இடம். பின்னால் ஒரு வேன் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

"கட்ட எங்க? நான் எறங்கிக் கட்ட போடறேன். வண்டி பின்னால போவும்!" என்று அவர் பெல்ட்டோடு மல்லுக்கு நின்றார்.

"உக்காருங்க. அதுவே புடிச்சிக்கும்."

பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலேட்டருக்குப் போகிற அந்த இரண்டு மூன்று விநாடி வண்டி தானாகவே பிடித்துக்கொள்ளும் என்று படித்திருந்தேன். படித்ததுதான், செய்து பார்த்ததில்லை. காலை எடுத்தேன். வண்டி அசையவில்லை. கிளட்ச்சை விட்டு ஏற்றினேன், மேலே போனது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கப் பெரும்பாடு பட்டேன்.

மலையில் அந்த அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். டிரைவர் சீட்டிலிருந்து நான் இறங்கியதைப் பார்த்து, "பாயம்மாவா ஓட்டிக்கினு வந்துது?" என்று கன்னத்தில் கை வைத்தார். எனக்கு வழக்கத்தைவிட இரண்டு அகப்பை சாமைச்சோறு ஜாஸ்தி விழுந்தது. மூட்டையை அவிழ்த்து, முதல் சுளையை என் கையில் கொடுத்தார், என் வீட்டுக்காரர் கையில் இல்லை. சிவப்பு மாறாத நல்ல புளி. பெரிய சரக்கை நனையாமல் வீட்டுக்குள் அள்ளிப் போட்டு, மறுநாள் வேன் வந்து எடுப்பது என்று பேசி, கையோடு நாலு மூட்டையைப் பின்னால் ஏற்றினோம். சீட் முதுகுக்கு மேலே போகாமல் அடுக்கி, நானே கயிறு இழுத்துக் கட்டினேன். ஒரு மூட்டையை முன்சீட்டில் வைத்து, தான் பின்னால் உட்காருவதாக என் வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் விட்டுவிட்டார்.

இறங்கும்போது தூறல் பிடித்தது. கண்ணாடி உள்பக்கமாகப் புகைபோல ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. அவர் துண்டை எடுத்துத் துடைக்க வந்தார். நான் கண்ணாடிப் படம் போட்ட பொத்தானை அழுத்தினேன். கீழிருந்து மேலாகப் புகை விலகியது. "இதுக்கும் ஒரு பொத்தானா" என்றார். குரலில் கிண்டல் குறைந்திருந்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. கரியாலூர் தாண்டியதும் மெதுவாக ஆரம்பித்தார்.

"இங்கிருந்து நியூட்ரல் போட்டா போதும். அதுவே போவும்."

"ஏறுன கியர்லதான் எறங்கணும்."

"இருவது வருசமா நான்..."

"இருவது வருசமா அல்லா காப்பாத்துனான். அவனுக்கும் கொஞ்சம் ஓய்வு குடுங்க."

சிரித்துவிட்டார். காலையில் நான் சொன்ன வார்த்தைக்கு அப்புறம் அவர் சிரித்தது அப்போதுதான். 

அடிவாரம் வந்துவிட்டது, இன்னும் ஒரே ஒரு வளைவுதான். ஹாரன் அடித்துத் திரும்பினேன். ரோட்டின் குறுக்கே, காலையில் ஏறும்போது இல்லாத கல். ஒன்றிரண்டு அல்ல, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஆள் முழங்கால் உயரத்துக்குக் கல் அடுக்கியிருக்கிறது. அதற்குப் பின்னால் ரோட்டிலேயே சம்மணம் போட்டு ஆட்கள். ஆணும் பெண்ணுமாக முப்பது பேர் இருக்கும்.

காலை முழு பலத்தோடு பிரேக்கில் வைத்தேன். ஈர ரோட்டில் சரளை கிடந்தது. காலுக்கடியில் பெடல் உயிர் வந்ததுபோல உதறியது. கடகடவென்று அடியில் ஒரு சத்தம்.

"இன்னா சத்தம்? பிரேக் போச்சா? வுட்டு வுட்டு மிதி! வுட்டு வுட்டு மிதி!" என்று இவர் கத்தினார்.

ஜீப்பில் அப்படித்தான். அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும், அதனால் விட்டு விட்டு மிதிக்க வேண்டும். என் கால்கூட ஒரு கணம் எழப் பார்த்தது. அவர் இருபது வருஷம் ஓட்டியவர், நான் புத்தகம் படித்தவள். ஆனால் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் என் கையெழுத்தில் நான் எழுதி வைத்திருந்தது கண்முன் நின்றது: 'பெடல் உதறும். சத்தம் வரும். பயப்படாதே. காலை எடுக்காதே.' எடுக்கவில்லை. உதற உதற மிதித்துக்கொண்டே ஸ்டியரிங்கை மலைப்பக்கமாக ஒடித்தேன். வண்டி சறுக்காமல் சொன்னபடி திரும்பியது. கல்லுக்கு ஒரு கட்டில் நீளம் இருக்கும்போது நின்றது.

பின்னால் மூட்டைகள் கயிற்றில் முனகின. என் வீட்டுக்காரர் முன்னால் போன வேகத்தில் பெல்ட் அவரைப் பிடித்து நிறுத்தியிருந்தது. கண்ணாடிக்கும் அவர் நெற்றிக்கும் நடுவில் நல்ல இடம் இருந்தது. அந்த இடத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உட்கார்ந்திருந்தவர்கள் அலறிக்கொண்டு எழுந்து ஓடியிருந்தார்கள். கூட்டத்திலிருந்து ஒருவர் எங்களைப் பார்த்து ஓடி வந்தார். எங்கள் டிரைவர். வண்டியைத் தூரத்திலேயே அடையாளம் தெரிந்துகொண்டிருக்கிறார்.

"பாய்! பாய்க்கு ஒண்ணும் இல்லியே? யாரு ஓட்டுனது?" என்று இந்தப் பக்கம் வந்து என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "அக்கா... நீங்களா?"

நான் வண்டியை விட்டு இறங்கினேன். பயமெல்லாம் கோபமாக வெளியே வந்தது. "மறியல் பண்ணு, வேணாங்கல. வளைவு திரும்புற எடத்துல எவன்யா கல்லு அடுக்குனது? ஒரு பஸ் வந்திருந்தா உங்க பொம்பளைங்க கதி இன்னா?"

அவர் தலையைக் குனிந்தார். "பைபாஸ்ல போலீஸ் வுடல, இங்க வந்துட்டோம். நான்தாங்க்கா வெக்கச் சொன்னேன். இங்கதான் புளிய மரத்து நெழல் இருக்குது. வந்தப்ப நல்ல வெயில், பொம்பளைங்க உக்காரணுமேன்னு..."

நிஜம்தான். அந்த இடத்தில் மட்டும்தான் ரோட்டுக்குக் குடை பிடித்தாற்போல ஒரு புளிய மரம். நிழல் பார்த்தார்களே தவிர, வளைவைப் பார்க்கவில்லை. என்னால் அதற்குமேல் திட்ட முடியவில்லை. நாங்களும் டீசலைப் பார்த்தோமே தவிர வேறு எதைப் பார்த்தோம்?

டிரைவரே தன் சிவப்புத் துண்டை எடுத்துக்கொண்டு வளைவுக்கு மேலே ஓடி, தூரத்திலிருந்து தெரிகிற மாதிரி ஒரு கம்பில் கட்டினார். மற்றவர்கள் கல்லையெல்லாம் பெயர்த்து நேர் ரோட்டுக்குக் கொண்டுபோனார்கள். அதிகாரி வந்து பேசி முடிக்கிற வரைக்கும் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். ஒரு பெண் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். "எம்பொண்ணுக்கும் வண்டி ஓட்டக் கத்துக் குடுக்கணும்க்கா" என்றாள். நான் சரி என்றேன். அவள் பெண்ணுக்கு வேலையும் கிடைக்க வேண்டும் என்று மனசாரச் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. பெல்ட்டையும் கழற்றவில்லை. நான் டீயை அவரிடம் கொண்டுபோனேன். வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு சொல்லட்டா?" என்றார். "நீ எதுக்கு பிரேக் மிதிச்சேன்னே எனக்குத் தெரில. வண்டி நின்னப்புறம்தான் அங்க கல்லு இருந்துச்சின்னே தெரிஞ்சிது."

சாயப் பார்த்த டீ கிளாஸை நான் நேராகப் பிடித்தேன்.

"ஆளுங்க உக்காந்திருந்ததும் தெரில" என்றார், மெதுவாக.

காலையில் அவர் அந்தக் கதவில் கை வைத்துக்கொண்டு நின்றது எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் அதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். டீயைக் குடிக்காமலே அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அவர் அம்மா மவுத்தான அன்றைக்கு மட்டும்தான். நானும் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து டீ ஆறிப்போச்சு என்று சொன்னார், இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று இருட்டியபிறகுதான் வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் காலையில் பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு, அலமாரி திறக்க என் கொத்துச்சாவியை எடுத்தால் கனமாக இருந்தது. பீரோ சாவிக்கும் மண்டிச் சாவிக்கும் நடுவில் வண்டிச் சாவி. சிப் வைத்த நிஜச் சாவி, இத்தனை நாள் அவர் சட்டைப்பையில் இருந்தது. அலமாரியைத் திறந்து பார்த்தேன். பூட்டுக்காரர் வெட்டித் தந்த உதவாத சாவியைக் காணோம்.

வாசலுக்கு வந்தேன். வெள்ளைச் சட்டை போட்டு, டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டெல்லாம் ஒரு பையில் எடுத்துக்கொண்டு, வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கையில் அந்தப் பொய்ச்சாவி.

"அது எதுக்குங்க? அதுல வண்டி கெளம்பாதே."

"கதவு தொறக்கும் இல்ல? எனக்கு அது போதும்" என்றார். "பால எறக்கி வச்சிட்டு வா. புதுச்சேரிக்கு எம்மா நேரம் ஆவும்?"

அந்தச் சாவியால் இடது பக்கத்துக் கதவைத் திறந்து ஏறினார். நான் சுற்றி வந்து உட்கார்ந்து, சீட்டைச் சரி செய்து, என் சாவியைப் போட்டுத் திருப்பினேன். வண்டி வாயைத் திறப்பதற்குள் அவர் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டார்.